புச்சோயின் வயிற்றில் இருந்தது

முதலில் வயிற்றை அமுக்குகிறாள். பிறகு கழுத்தை முகர்கிறாள். கடைசியாகத் தலைகீழாகப் புரட்டி, பின்பக்கம் சீட்டு தைத்திருந்த தடத்தை நகத்தால் நெருடுகிறாள். "ஜப்பான்காரன். கரடி இல்லம்மா, நீர்நாய்" என்கிறாள் ரோவேனா. எதிரே நிற்கும் கல்லூரிப் பெண், இருபது வருடமாகக் கட்டிக்கொண்டு தூங்கிய தன் கரடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

பிலிப்பைன்ஸின் மலையூரான பாகியோவில், சந்தை மேட்டில், பழைய துணிக் கடைகளுக்கு நடுவே, பொம்மைக்கென்று இருப்பது அவள் கடை ஒன்றுதான். கப்பலில் மூட்டை மூட்டையாக வரும் வெளிநாட்டுப் பழைய பொம்மைகளைத் துவைத்து, கிழிசல் தைத்து விற்கிறாள். மழைக்காலத்தில் எதுவும் காயாது. கயிற்றில் கிளிப்பால் காதைக் கவ்வவிட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருப்பாள். யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால், பொம்மையின் காதைப் பொத்திக்கொண்டு, "அதுக்குக் கேக்குற மாதிரி பேசாத" என்பாள். வயது நாற்பத்தேழு. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஓர் ஆம்பளைக் கோட்டு. அதன் பை நிறைய ஊசிகள்.

ஊரில் பாதிப் பேர் தங்கள் குழந்தைக்காலப் பொம்மையைப் படம் பிடித்துக்கொண்டு அவளிடம்தான் வருகிறார்கள். "மனாங், இது என்ன மிருகம்? எந்த நாடு?" மனாங் என்றால் அக்கா, அறுபது வயதுக்காரர்களுக்கும் அவள் மனாங்தான். சொன்னால் சொன்னதுதான். எதிர்த்துப் பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவள் முக்காலிக்கு மேலே ஆணியில் அவளுடைய சிறுவயதுப் பொம்மை புச்சோய் தொங்குகிறது. ஒரு காது இல்லை. நிறம் இன்னதென்று சொல்ல முடியாது. மூக்கு இருந்த இடத்தில் சட்டைப் பொத்தான். பன்றி என்பவர்கள் உண்டு, நாய் என்பவர்கள் உண்டு. "இது என்ன மிருகம் மனாங்?" என்று கேட்டால், "புச்சோய்" என்பாள். "அது பேரு. மிருகம் என்ன?" "அதுவும் புச்சோய்தான்." அதன் வயிற்றை மட்டும் யாரையும் தொட விடமாட்டாள்.

போன வருடம் அவளுடைய அம்மா பூரிங் ரோமிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்டாள். நாற்பது வருடத்துக்கு மேல் அங்கே யார் யாருடைய பெற்றோரையோ குளிப்பாட்டிவிட்டு வந்தவள். இப்போது காலையில் கடைக்கு வந்து, முக்காலியைப் பிடித்துக்கொண்டு, வறுத்த அரிசிக் காப்பியை உறிஞ்சியபடி வருகிறவர்களிடமெல்லாம் புச்சோயைக் காட்டுவாள். "நான் அனுப்புனது. இத்தாலி. இவளுக்கு அஞ்சு வயசு. பெட்டியத் தொறந்ததும் வீடே மணத்துச்சாம். இவங்கப்பா கடுதாசி எழுதினாரு." ரோவேனா பல்லைக் கடித்துக்கொண்டு துணி பிழிவாள்.

அது இத்தாலியிலிருந்து வந்ததில்லை என்று அவள் அறிவாள். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதமே, பத்தொன்பது வயதில், புச்சோயின் வயிற்றை அமுக்கிப் பார்த்துத் திகைத்துப்போனாள். அப்பாவிடம் கேட்டாள். ஜீப்னி என்கிற பயணிகள் வண்டி ஓட்டிய மனிதர், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவளுக்கு ஐந்து வயதான வருடம் அம்மாவுக்கு அங்கே வேலை போய்விட்டது, கிறிஸ்துமஸுக்கு அனுப்பும் பெட்டி வரவில்லை. முந்தைய வருடத்துக் காலிப் பெட்டியை எடுத்து, கீழ்ச்சந்தையில் வாங்கிய பொம்மையை வைத்து, மிச்சமிருந்த இத்தாலிச் சோப்பைச் சீவிப் போட்டு ஒட்டியிருக்கிறார். பெட்டியின் மணம்தானே பிள்ளைகளுக்கு அம்மா. அதை அவர் ஏமாற்று வேலையாகவே நினைக்கவில்லை. "உங்கம்மாகிட்டச் சொல்லாத. அங்க ஒத்தையில கெடக்குறா. அவ அனுப்புனதாவே இருக்கட்டும்" என்றார். அவர் இறந்து ஆறு வருடமாகிறது.

சென்ற வாரம், பக்கத்துக் கால்சட்டைக் கடை டிண்டோ புச்சோயின் படத்தைப் பொம்மைப் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் போட்டுவிட்டான். முந்நூறு பதில்கள். வியாழக்கிழமை, மூட்டை பிரிக்கிற நாள், கடையைச் சுற்றிக் கூட்டம். டிண்டோ உரக்கப் படித்தான். "இத்தாலியில மிலானோப் பக்கம் செஞ்ச கரடியாம் மனாங். தேடினாலும் கெடைக்காதாம்."

பூரிங் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் சொல்லல? அவங்கப்பாவா வாங்கித் தந்தாரு? கிறிஸ்துமஸுக்கு ஒரு மிட்டாய் வாங்கத் தெரியாது அந்த மனுசனுக்கு."

கூட்டம் சிரித்தது. ரோவேனாவுக்குக் காது சுட்டது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை இருபத்தெட்டு வருடம் காப்பாற்றியிருக்கிறாள். அந்த வாக்கே இப்போது அவரைக் கேலிப்பொருளாக்கிவிட்டது. இனி ஒரு நிமிடம்கூடக் காப்பதாக இல்லை. புச்சோயை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"முந்நூறு பேரு சொல்லியாச்சு. நான் இன்னும் சொல்லல."

"வேணாம் மனாங், பழசு, கிழிஞ்சிரும்" என்றான் டிண்டோ.

"கிழியட்டும். எம் பொம்மை."

வயிற்றுத் தையலில் கத்தரியின் முனையை விட்டு நான்கு கண்ணியை அறுத்தாள். இரண்டு விரலை உள்ளே நுழைத்து ஒரு சிட்டிகை எடுத்தாள். பழுப்பேறிய இலவம்பஞ்சு. நடுவில் மிளகளவு கறுப்பு விதை. அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இலவங்கொட்டை. இத்தாலிக்காரன் கொட்டையோட அடைப்பானாம்மா? நம்ம கீழ்ச்சந்தைத் தலகாணிக்காரங்க அடைச்சது. அந்த வருசம் நீ பெட்டி அனுப்பல. அனுப்ப முடியல, அது உன் தப்பில்ல. ஆனா வாங்கினது அப்பா. பெட்டிய ஒட்டினது அப்பா. உன் பேரை எழுதினதும் அப்பா."

பூரிங் விதையை விரலால் உருட்டிப் பார்த்தாள். "கடுதாசில எனக்கு நன்றின்னு எழுதினாரே" என்றாள். "முன்ன எப்பவோ நான் அனுப்பித் தொலைஞ்ச பெட்டி ஒண்ணு வந்து சேந்துச்சாக்கும்னு, நானும் சும்மா இருந்துட்டேன்."

ரோவேனா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விதையின் மேல் மூடினாள். பிறகு ஊசியில் கண்ணைப் பறிக்கிற சிவப்பு நூலைக் கோத்து, தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி வாசலில் வந்து நின்று, புச்சோயின் வயிற்றைத் தைக்க ஆரம்பித்தாள்.