பொறுமைக்காரி

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிய பிறகுதான் மருந்து கொடுக்கும் ஐயா மருந்தறைக் கதவைத் திறப்பார். சற்று நேரத்தில் பூட்டிவிட்டுக் குதிரையேறி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒருநாள் பல்வலியோடு நானும் அங்கே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒல்லியான கொழுந்துக்காரி, யார் அவசரம் என்றாலும் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு வழிவிட்டாள். எனக்கும் விட்டாள்.

"ஒன்னை மாதிரிப் பொறுமை யாருக்கும் வராதும்மா" என்றேன். மெச்சித்தான் சொன்னேன்.

நான் மருந்து போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் ஐயா கதவைப் பூட்டினார். அவள் குழந்தைக்குக் காய்ச்சலில் கண் செருகத் தொடங்கியிருந்தது.

"நாளைக்கு வா. நீதான் பொறுமைக்காரியாச்சே" என்று, வரிசையை மேய்த்துக்கொண்டிருந்த கங்காணி சிரித்தார்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். "இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே அண்ணே, எல்லாரும் முன்னால போனீங்க?" என்றாள். பிறகு ஐயாவின் குதிரைக்குக் குறுக்கே போய் நின்று, ஆட்கள் குடியிருக்கும் லயம் வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"அடங்காத கழுதை!" என்று கங்காணி ஏசினார். ஐயா இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

பிள்ளை பிழைத்ததா, தெரியாது. அவளோடு சேர்ந்து நானும் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். வாயில் மருந்துப் பஞ்சோடு, நான் பொறுமையாக நின்றுகொண்டிருந்தேன்.