காய்ந்து கிடந்த ஏழாவது படி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பேய் என்றால் எனக்கும் சிரிப்புதான் வரும்... போன மாதம் வரை. திருப்போரூரில், என் சொந்த வீட்டில், நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மாடிப்படி வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் இருக்கிறது. மாடியில் பார்வதம் அம்மா தனியாக வாடகைக்கு இருந்தார். என் மகள் சஹானாவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்கள். படியெல்லாம் ஒரே வெடிப்பு. ஏழாவது படியின் விளிம்பே உடைந்திருந்தது. வியாழக்கிழமை கொத்தனார் மணியைக் கூப்பிட்டேன்.

வெடிப்பைக் கொத்தி எடுத்து, சிமெண்ட் பூசி முடித்து அவர் சொன்னார். "மூணு நாளு தண்ணி ஊத்திகினே இருங்க சார். அப்பால பெயிண்ட் அடிங்க. காய வுட்டா பேந்துகினு வந்துடும்."

"நான் ஊத்திடறேன் தம்பி," என்றார் மேலே நின்றிருந்த பார்வதம் அம்மா.

"வேணாம்மா. ஈரமா இருந்தா பெயிண்ட் ஒட்டாது," என்றேன்.

எனக்கு அவசரம். வெள்ளிக்கிழமையே சிவப்பு பெயிண்ட் அடித்துவிட்டேன். படி புதுசு போல இருந்தது.

சனிக்கிழமை காலை பார்வதம் அம்மா பால் வாங்க இறங்கினார். ஏழாவது படியின் பூச்சு அவர் காலடியில் அப்படியே பெயர்ந்தது. பின்மண்டையில் அடி. ஆம்புலன்சில் ஏற்றி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகன் செல்வராஜ் பதறிக்கொண்டு போன் செய்தார்.

"எப்டி சார் வுழுந்தாங்க?"

"வேணாம்னு சொல்லியும் படிக்குத் தண்ணி ஊத்தியிருக்காங்க. வழுக்கிடுச்சு."

வாய் கூசாமல் சொன்னேன். அன்று படியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பெயர்ந்த சில்லுகளைப் பொறுக்கி, வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்ததும் நான்தான்.

சாயங்காலம் மனைவியும் சஹானாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்கள் திரும்புவதற்குள் அந்த விளிம்பை நானே பூசி மறைத்துவிட நினைத்தேன். ஆறாவது படியில் கால் வைத்து, கரணையோடு குனிந்தேன். மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில்.

மணி 6.40.

மேலே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது... பக்கெட் நிரம்பும் சத்தம்... கண்ணாடி வளையல் சத்தம்...

"யாரு?"

நிமிர்ந்து பார்த்தேன்.

சளக்...

மேல் படியில் தண்ணீர் விழுந்தது. அங்கே யாரும் இல்லை.

சளக்... அடுத்த படி. சளக்... அதற்கும் அடுத்தது. யாரோ நிதானமாக இறங்கி வந்தார்கள்.

எட்டாவது படி நனைந்தது.

சத்தம் நின்றது.

என் முகத்துக்கு நேராக... மூச்சு விடும் சத்தம்.

சளக்...

என் கால்கள் சில்லிட்டன. ஆறாவது படி.

நடுவில் ஏழாவது படி மட்டும் காய்ந்து கிடந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. செல்வராஜ்.

"அம்மா போய்ட்டாங்க சார்... இப்பதான். ஆறு நாப்பதுக்கு."

அவர் அழுதுகொண்டே பேசினார்.

"மத்தியானம் ஒரு தபா முழிச்சாங்க சார். 'படி காஞ்சிதான் கெடந்துச்சு, நான் தண்ணியே ஊத்தலடா'ன்னாங்க. சும்மா பொய் சொல்லாதம்மான்னு திட்டிட்டேன் சார். அப்பால அவங்க பேசவே இல்ல."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பிறகு மணி வந்து புதிதாகப் பூசினார். மூன்று நாளும் நானே தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற, அந்தப் படியில் ஈரம் நிற்கவே இல்லை.

இதை எழுதும்போது வெளியே பேய் மழை. இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாப் படியிலும் தண்ணீர் ஓடுகிறது. ஏழாவது படி காய்ந்து கிடக்கிறது.

அம்மாவின் சாமான்களை எடுக்க, நாளைக் காலை செல்வராஜ் வருகிறார். அவர் அந்தப் படியில் ஏறித்தான் மேலே போக வேண்டும்.