ஆற்றில் போன கொப்பி

1986 யூலை 8, செவ்வாய்க்கிழமை. சுவிஸ், லுசேர்ன் நகர மரப்பாலம். நண்பகலுக்குச் சற்று முன். மஞ்சள் அட்டையிட்ட குறிப்புக் கொப்பி ஒன்று பாலத்தின் நடுப்பகுதியிலிருந்து ஆற்றில் விழுந்தது. உடனிருந்தவர்கள் இருவர்: அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மாமா, வயது நாற்பத்தொன்று, நான், வயது பன்னிரண்டு. மழை இல்லை. கொப்பி மீட்கப்படவில்லை.

மாமா அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். அமெரிக்காவில் பொறியியலாளர். மாமியை அங்கேயே விட்டுவிட்டு, எம்மன்புரூக்கேயில் எங்களுடைய இரண்டு அறை வீட்டுக்குத் தனியே வந்து இறங்கினார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வந்திருக்கவில்லை. நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்ததாக அவர் சொன்னார். ஆனால் செலவு குறைந்த இடங்களை மட்டுமே கேட்டார், கேட்டதையெல்லாம் ஒரு மஞ்சள் கொப்பியில் எழுதினார். அம்மாவின் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

"அமெரிக்காவிலை இருக்கிற ஆளுக்கு ஓசியிலை பாக்கிற இடம் என்னத்துக்கு?" என்றார் அம்மா, மாமா குளிக்கப் போயிருந்த நேரத்தில்.

"காசுள்ளவன்தான் காசு பாப்பான்," என்றார் அப்பா.

"அப்ப அந்தக் கொப்பி?"



பள்ளி விடுமுறை ஆகையால், வீட்டில் நன்றாக டொச்சு, அதாவது ஜேர்மன் மொழி, பேசக்கூடிய ஒரே ஆளாகிய நான் மொழிபெயர்ப்பாளனாக அனுப்பப்பட்டேன். கற்பாறையில் செதுக்கிய சிங்கத்தைப் பார்த்தோம், கட்டணம் இல்லை. பேர்ன் நகரின் கூரையிட்ட கடைவீதிகளில் மழை நாளிலும் நனையாமல் நடந்தோம். அதற்கும் கட்டணம் இல்லை. ரைன் அருவியின் ஒரு கரையில் பணம் கேட்டார்கள், மறுகரையில் கேட்கவில்லை, மறுகரையில் நின்றோம். நான் சிங்கத்தையும் அருவியையும் பார்த்தேன். மாமா தரையைப் பார்த்தார்.

"தம்பி, ஸ்டேசனிலையிருந்து இஞ்சை வர எத்தினை படி எண்டு அவரிட்டைக் கேள்," என்றார், ஏரிப் படகுத்துறையில் பயணச்சீட்டு விற்றவரைக் காட்டி.

கேட்டேன். எழுதிக்கொண்டார்.

"குந்தியிருக்கிறதுக்கு வாங்கு கிட்டவோ தூரமோ? கழிப்பறை எந்தப் பக்கம்? கப்பலுக்கை ஏற பலகை போடுவினமோ?"

கேட்டேன். அவற்றையும் எழுதிக்கொண்டார். பயணச்சீட்டு விற்றவர் என்னிடம், உன் மாமா இந்தப் படகை வாங்கப்போகிறாரா என்று சிரித்தார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

எங்கள் வீட்டில், கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொள்பவருக்கு ஒரே பொருள்தான்: அகதி விசாரணை அதிகாரி. அத்தகைய ஒருவர் முன் அப்பா இரண்டு முறை நாள் முழுவதும் இருந்துவிட்டு வந்திருந்தார். ஊரிலிருந்து தப்பி வந்த பாதை என்று முதல் முறை சொன்னதும் இரண்டாம் முறை சொன்னதும் பொருந்தவில்லை என்று அந்த மனிதர் குறித்துக்கொண்டாராம். அந்த ஒரு குறிப்புக்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வீட்டில் எல்லோரும் அஞ்சினோம். மாமா அவர்களுடைய ஆள் என்று அம்மா ஒருபோதும் சொன்னதில்லை. "மாமா கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு, மிச்சம் கதையாதை" என்று மட்டும் சொன்னார். மீதியை நானே முடிவுசெய்தேன்.

பாலத்தில், புகைப்படம் எடுப்பதற்காக மாமா கொப்பியை என்னிடம் தந்தார். அவர் முதுகு திரும்பியதும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே வீசினேன். வீசிவிட்டு, "விழுந்திட்டுது மாமா" என்றேன்.

அவர் பாலத்தின் மறுபக்கத்துக்கு ஓடினார். மஞ்சள் அட்டை நீர்ப்போக்கில் இரண்டு முறை தெரிந்தது. நான் அவருடைய முகத்தையே கவனித்தேன். அகப்பட்டவனின் முகம் எப்படியிருக்கும் என்று அறிய விரும்பினேன். அட்டை மறையும்வரை அவர் தண்ணீரையே பார்த்து நின்றார். பின்னர், "பரவாயில்லை, தம்பி. நீ பயப்பிடாதை" என்று சொல்லி ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். அதையும் சந்தேகத்துடனேயே தின்றேன்.

விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை அவர் புறப்பட்டார். அம்மா வீட்டைக் கூட்டிக் கழுவினார். அடுத்த ஆண்டு எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. என்னால்தான் என்று சில காலம் நம்பியிருந்தேன்.

நான்கு ஆண்டுகளின் பின் மாமாவின் கடிதம் வந்தது. மாமி இறந்துவிட்டிருந்தார். கால்கள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய். வைத்தியத்துக்கே சம்பளம் போதவில்லை. நடக்க முடிகிற காலத்துக்குள் ஒருமுறை சுவிசைக் காட்டிவிட எண்ணியதாகவும், ஆயத்தம் செய்ய வந்தபோது காரணத்தைச் சொல்லவேண்டாமென்று மாமி கேட்டிருந்ததாகவும், பிறகு காலம் போதவில்லை என்றும் எழுதியிருந்தார். கொப்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சமையலைத் தொடர்ந்தார்.

சென்ற வசந்தத்தில், நோயுற்றிருந்த என் மனைவியை ஏரிக்கு அழைத்துச் செல்லுமுன் நான் தனியே போய்ப் பார்த்துவந்தேன். படகுத்துறையில் நின்ற ஊழியரிடம் எத்தனை படி என்றும் வாங்கு எங்கே என்றும் கேட்டேன். அவர் சொன்னவற்றை எழுதிக்கொண்டேன். இருமுறை போனோம். ஐப்பசியில் அவள் இறந்தாள்.

மாமா கேட்ட கேள்விகளுள் ஒன்றுகூட எங்களைப் பற்றியதல்ல என்பது அந்தப் பன்னிரண்டு வயதுக்காரனுக்குத் தெரியாது.

செய்யப்படாதவை:

மனைவியின் அரைக்கட்டண ரயில் அட்டையை நிறுத்துதல்.

வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தல்.

மாமாவுடன் தொலைபேசியில் கதைத்தல். வயது எண்பது. எண் என்னிடம் இருக்கிறது.