பைண்டிங்குக்குள் போன எழுத்துகள்

என் தங்கை நஸ்ரின் ஆறு வருஷம் பாடுபட்டு எழுதிய பிஎச்.டி. ஆய்வேட்டைப் போன வியாழக்கிழமை பல்கலைக்கழக அலுவலகத்தில் ஓர் அம்மா ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தார்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை. பக்கத்தின் ஓரத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று பார்த்தார். இடது பக்கம் ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். விதி.

அங்கங்கே ஏழெட்டுப் பக்கங்களைத் திருப்பினார். அளந்தார். இடம் குறைந்த பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக். இன்னொரு பக்கம். இன்னொரு டிக். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு நஸ்ரினைப் பார்த்தார்.

"சில பக்கம் சரியா இருக்கும்மா. சில பக்கத்துல எழுத்து பைண்டிங்குக்குள்ள போயிருச்சு. இங்க பாருங்க, வரியோட முதல் எழுத்தே தெரியல. இது லைப்ரரிக்குப் போற காப்பி. நாளைக்கு ஒருத்தங்க எடுத்துப் படிக்கணும்ல?"

நியாயம்தானே? நான் குனிந்து பார்த்தேன். 'படகுகள்' என்ற சொல் 'டகுகள்' ஆகியிருந்தது.

"சரி பண்ணிக் கொண்டாங்க. ஆனா உங்களுக்கு நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். இது மூணாவது எக்ஸ்டென்ஷன். இதுக்கு மேல நீட்டிக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல."

நாளைக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் கணக்கில் வராது.

நஸ்ரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழக்கரையில் எங்கள் வீட்டில் நான்தான் பெரியவள், அவள் கடைசி. அக்காவான என்னை 'லாத்தா' என்றுதான் கூப்பிடுவாள். பத்தொன்பது வயதில் நிக்காஹ். மாப்பிள்ளை கத்தாரில் வேலை. பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகு, தபாலில் எம்.எஸ்சி. கணிதம் முடித்தாள். ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். மூத்த மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருஷம், இவள் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தாள். "இந்த வயசுலயா?" என்று கேட்காத சொந்தக்காரர் எங்கள் தெருவில் இல்லை.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? காத்திருத்தல். மீன் பிடித்துவிட்டு வரும் படகுகள் படகுத்துறையில் இடம் கிடைக்காமல் வரிசையில் நிற்கின்றன இல்லையா... எத்தனை படகு வந்தால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டிவரும், அதை எப்படிக் குறைக்கலாம் — அதற்கான கணக்கு. இதற்காக மாதக்கணக்கில் விடியற்காலையில் நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் படகுத்துறையில் நின்றிருக்கிறாள். முதல் மாதம் யாரும் அவளிடம் பேசவில்லையாம். மீன்வளத் துறையிலிருந்து வேவு பார்க்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்படி எழுதியது, ஓரத்தில் அரை அங்குலம் இல்லாமல் வாசலில் நிற்கிறது.

வெளியே வந்ததும் ராமநாதபுரத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த செல்விக்கு போன் போட்டேன். பேப்பரைக் கோணலாக வைத்துவிட்டாளோ என்று சந்தேகம். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

செல்வி கோபப்படவில்லை. "அக்கா, அஞ்சு காப்பியிலயும் அதே பக்கத்துலதான் தப்பு இருக்கா, வேற வேற பக்கத்துலயா? பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். ஐந்திலும் அதே பக்கங்கள்.

"அப்ப மெசின்ல இல்லக்கா. பேப்பர் நகண்டா ஒவ்வொரு காப்பியிலயும் ஒவ்வொரு மாதிரி நகளும். இது ஃபைல்லயே இருக்கு."

அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து நஸ்ரின் லேப்டாப்பைத் திறந்தாள். அவள் நம்மைப் போல வேர்டில் டைப் செய்கிறவள் இல்லை. கணக்குக்காரர்கள் பயன்படுத்தும் டைப்செட்டிங் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து இழுத்து வைக்க முடியாது. மேலே கட்டளைகளாக எழுதிக்கொடுக்க வேண்டும் — இந்தப் பக்கம் இவ்வளவு இடம், அந்தப் பக்கம் இவ்வளவு என்று. மீதியை அதுவே அடுக்கிக்கொள்ளும்.

"இதுல ஒன்றரை அங்குலம்னுதான் லாத்தா இருக்கு" என்றாள். "அப்புறம் எப்படிக் குறையும்?"

எப்படிக் குறைந்தது என்று தெரியாததால், இன்னும் அரை அங்குலம் கூட்டிப் பார்த்தாள்.

நூற்று அறுபத்தெட்டுப் பக்கம் நூற்று எண்பத்தொன்று ஆனது. அட்டவணைகள் எல்லாம் வலது பக்கம் தாளைவிட்டு வெளியே ஓடின. ஒரு சமன்பாட்டில் பாதிதான் தாளில் இருந்தது. ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து வைக்க வேண்டும். பிறகு முழுவதும் சரிபார்க்க வேண்டும். ஒரே நாளில் நடக்கிற காரியமா?

நஸ்ரின் லேப்டாப்பை மூடினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியும்.

"போதும் லாத்தா. வீட்டுக்குப் போவோம். அல்லாஹ் நாடல போல."

பஸ் ஏறினோம். அவள் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டாள். என் மடியில் ஐந்து பிரதிகள் இருந்த பை. வேறு என்ன செய்ய? ஒன்றை எடுத்துப் புரட்டினேன். படித்தேன் என்று சொல்லமாட்டேன் — எனக்குப் புரிகிற கணக்கு இல்லை. அந்த அம்மா டிக் போட்ட பக்கங்களை மட்டும் தேடினேன். எங்கெங்கே தப்பு என்று ஒரு லிஸ்ட் எடுத்துக் கொடுத்தால் அவளுக்கு உதவியாக இருக்குமே என்றுதான்.

பதினான்கு. முப்பத்தெட்டு. அறுபத்திரண்டு. தொண்ணூற்றாறு. நூற்று ஐம்பது.

எல்லாம் இரட்டைப்படை.

பதினைந்தைத் திருப்பினேன். சரியாக இருந்தது. பதினாறு, உள்ளே போயிருந்தது. பதினேழு சரி. பதினெட்டு உள்ளே. ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுத்துகள் வலதுக்கும் இடதுக்குமாக மாறி மாறி நகர்ந்துகொண்டிருந்தன.

இந்த மென்பொருள் எனக்குத் தெரியாது. ஆனால் புத்தகம் தெரியும். என் கட்டுரைத் தொகுப்புகள் அச்சுக்குப் போகும்போது ப்ரூஃப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கையில் இருக்கும் ஒரு புத்தகத்தை விரித்துப் பாருங்கள். வலது கைப் பக்கத்துக்கு பைண்டிங் இடது ஓரத்தில் வரும். இடது கைப் பக்கத்துக்கு பைண்டிங் வலது ஓரத்தில் வரும். அதனால் அகலமான இடத்தை ஒரு பக்கத்துக்கு இடதிலும் அடுத்த பக்கத்துக்கு வலதிலும் மாற்றி மாற்றி விடுவார்கள். தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்தால் அதுதான் சரி.

ஆய்வேட்டை அப்படி அடிப்பதில்லையே? தாளுக்கு ஒரு பக்கம்தான். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அப்படியென்றால் எல்லாப் பக்கத்துக்கும் பைண்டிங் இடதுதான்.

நஸ்ரினை உலுக்கினேன். "ஏய், இது ரெண்டு பக்கமும் அடிக்கிறதுக்குப் போட்ட கணக்கு மாதிரி இருக்கு. அப்படி ஏதாவது சொல்லியிருக்கியா அதுக்கிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லலயே லாத்தா. கூட வேலை பாக்குறவ ஒருத்தி அவ ஃபைலைத் தந்தா. மேல இருக்குற கட்டளை எல்லாம் அவளோடது. அப்படியே வச்சுக்கிட்டேன்."

"அவ எதுக்கு வச்சிருந்தா?"

"பாடப் புத்தகம் எழு..." பாதியில் நிறுத்தினாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். பேட்டரி பதினேழு சதவீதம். பஸ் திருவாடானையில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் கூடையை எங்கள் காலருகே வைத்துவிட்டு, எங்களோடு சேர்ந்து திரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

முதல் வரியிலேயே இருந்தது. அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்: 'டூசைடு'.

அரை அங்குலம் கூட்டுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த பழைய நகலைத் திறந்து, அந்த ஒரு சொல்லை மட்டும் 'ஒன்சைடு' என்று மாற்றினாள். ஓடவிட்டாள். பஸ் கிளம்பியது. 

நூற்று அறுபத்தெட்டுப் பக்கம். அதே நூற்று அறுபத்தெட்டு.

அட்டவணைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சமன்பாடுகள் தாளுக்குள் இருந்தன. பொருளடக்கத்தில் ஓர் எண்கூட மாறவில்லை. எழுத்துப் பகுதியின் அகலம் மாறவில்லை. அது நிற்கிற இடம்தான் மாறியது, அதனால். பதினான்காம் பக்கத்தில் 'படகுகள்' முழுசாக நின்றன.

நஸ்ரின் அப்போதுதான் அழுதாள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. கூடைக்காரர் பதறிப்போய், "என்னம்மா, ஏதும் கெட்ட சேதியா?" என்றார்.

"இல்லண்ணே. நல்ல சேதிதான்" என்றேன். 

வெள்ளிக்கிழமை காலை செல்வி எங்களுக்காகக் கடையைச் சீக்கிரம் திறந்து வைத்திருந்தாள். ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்ப் பக்கம். அவர் மகளைப் பார்க்க சிங்கப்பூர் போய்விட்டார். மறுபடி கையெழுத்து வாங்க வழியில்லை. செல்வி பழைய பிரதிகளைப் புரட்டிப் பார்த்தாள். "அக்கா, இது மூணாம் பக்கம். ஒத்தப்படை. தப்பிச்சிருச்சு." ஐந்து பிரதிகளிலிருந்தும் அந்தத் தாளை மட்டும் பிளேடால் பசையிலிருந்து நூல் பிசகாமல் பிரித்தெடுத்து, புதிய பிரதிகளில் சேர்த்தாள்.  போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எங்கக்கா கத்துனீங்க? நேத்து வேற ரெண்டு பேரு கத்துனாங்க" என்றாள்.

மூன்றரை மணிக்கு அதே மேஜை. அதே ஸ்கேல். அந்த அம்மா இந்த முறை பத்துப் பக்கமாவது அளந்திருப்பார். நஸ்ரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன ஓதினாள் என்று நான் கேட்கவில்லை.

"சரியா இருக்கும்மா" என்று முத்திரையை எடுத்தார். ஐந்து பிரதிகளிலும் குத்தி, ஒரு ரசீதும் எழுதிக் கொடுத்தார். பிறகு முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "படகு காத்திருக்கிறதுக்கெல்லாம் கணக்கு இருக்கா?" என்றார். "எங்க வீட்டுக்காரரு பக்கம் எல்லாருமே கடல் தொழில்தான். வைவா பரீட்சை எப்பன்னு தேதி போட்டா சொல்லுங்க. முடிஞ்சா வாரேன்."

யோசித்துப் பார்க்கிறேன். ஃபைல் தந்த அந்தத் தோழி நல்லதுக்குத்தான் கொடுத்தாள். அவளுக்கு அது சரியாகவும் இருந்தது. நமக்கு வரும் யோசனைகளில் முக்கால்வாசி இப்படித்தானே... சொல்கிறவருக்கு அளவெடுத்துத் தைத்தது. வாங்கிக்கொள்ளலாம், நன்றி சொல்லலாம். போட்டுக்கொள்வதற்கு முன்னால் நம் அளவை ஒருமுறை நாமே பார்த்துவிட வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் நஸ்ரின் என் தோளில் சாய்ந்து அசந்து தூங்கினாள். ராமநாதபுரம் வந்ததும் எழுப்பினேன். கண்ணைத் திறந்ததும் முதல் கேள்வி: "லாத்தா, ரசீது எங்க?"

கொடுத்தேன். அதையும் முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தாள்.