அப்பாவை அம்மா ஜெயித்த சாயங்காலம்

யுத்த காலத்துக் கோடை அது. அப்பா தருமபுரியில் மாட்டு டாக்டர். ஊரில் ஆபீசர்களுக்கென்று ஒரு கிளப்பும், அதன் பின்னால் செம்மண் டென்னிஸ் மைதானம் ஒன்றும் இருந்தன. கூட ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போய்விட, பந்தைத் திருப்பி அடிக்க ஆளில்லாமல் அப்பா இரண்டு வருஷம் முன்பே அம்மாவுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்திருந்தார். அதோடு எங்கள் வீட்டின் நிம்மதி போயிற்று.

லீவு விட்டதும் ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் கிருஷ்ணகிரியில் பெண்கள் போட்டி வந்துவிட்டது. ஜெயித்தாள். ஜெயித்ததால் சேலத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயாவது தோற்றுத் தொலைக்கட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அங்கேயும் ஜெயித்தாள். வேறெந்த வருஷமும் அவள் அப்படி ஆடியதில்லை என்று பிற்பாடு அப்பா சொல்வார். எனக்கு வாய்த்தது அந்த வருஷம்தான். கடைசிவரை அந்தக் கோடையில் நான் அருவியைப் பார்க்கவே இல்லை.

என்னைவிட அதிகம் எரிச்சல்பட்டவள் அத்தை. அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு இருந்தாள். வீடே அவள் கையில்தான் ஓடியது. யுத்தத்தால் புதுப் பந்து கிடைக்கவில்லை. அம்மா பழைய பந்துகளைச் சோப்புப் போட்டு அலசி, அத்தை வடகம் காயவைத்திருக்கும் பாயிலேயே ஓரமாக உருட்டிவிடுவாள்.

“வூட்டுல புள்ளைக்குத் தலை வார ஆளில்ல, பந்துக்குக் குளிப்பாட்டு நடக்குது” என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்.

கோடை முடியும் சமயத்தில் எங்கள் ஊர் கிளப்பிலேயே போட்டி வைத்தார்கள். பெண்கள் பிரிவு வைக்க அம்மாவை விட்டால் ஆளில்லை. ஆண்களும் போதுமான அளவு சேரவில்லை. எல்லோரையும் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். அம்மா முதலில் ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவரை ஜெயித்தாள். அடுத்து ஆடிய முன்சீப் பாதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் அவர் கடைத்தெருவில் விறுவிறுவென்று நடந்து போவதை நானே பார்த்தேன். மறுபக்கம் அப்பா எல்லோரையும் ஜெயித்துக்கொண்டு வந்தார். கடைசியில் மிஞ்சியவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

அன்று மத்தியானம் சாப்பாடு போடும்போது அத்தை அம்மாவிடம் சொன்னாள்: “தோத்துட்டு வந்துடு. சேலத்துலருந்து பெரிய ஆபீசருங்கல்லாம் வராங்களாம். நாளைக்கு அவன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவான்?”

“சரிங்க அண்ணி” என்றாள் அம்மா. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அத்தை வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். ஆட்டம் பார்க்கப் போகும் என்னை இருட்டுவதற்குள் திரும்பக் கூட்டிவர ஆள் வேண்டும் என்று சாக்குச் சொல்லி, கூண்டு வண்டி கட்டச் சொல்லி, என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து வேலி ஓரமாக நிறுத்திவிட்டாள். இறங்கவில்லை. படுதாவை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதென்னடி, ஒரு பந்து அடிச்சா பதினஞ்சுங்கிறான்?” என்று என்னை நச்சரித்தாள். எனக்கும் தெரியாது.

முதல் செட் அம்மாவுக்கு. இரண்டாவது அப்பாவுக்கு. மூன்றாவது முடிவேனா என்று இழுத்தது. அப்பா மூலைக்கு மூலை அடித்தார். அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடி ஓடி எடுத்தாள். ஒருமுறை வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி ஆடினாள். மெல்ல மெல்ல அவள் முந்தினாள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இன்னும் ஒரே ஒரு பந்துதான், ஆட்டம் முடிந்துவிடும் என்று வண்டிக்காரர் சொன்னார்.

அப்போது அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்தாள். கைக்கு நேராக வந்த பந்தை வலையில் அடித்தாள். அடுத்ததையும் வலையில் அடித்தாள்.

அத்தை படுதாவை முழுக்கத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். “ஏய்! என்னா பண்ற நீ? ஒழுங்கா அடி!”

நாற்காலியில் இருந்த ஆபீசர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வண்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அம்மா நழுவியிருந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு ஒழுங்காக அடித்தாள். அப்பாவும் விட்டுக்கொடுக்கவில்லை, விழுந்து விழுந்து எடுத்தார். கடைசிப் பந்து அவருக்கு எட்டாமல் கோட்டின் மேல் சுண்ணாம்பைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

கைகுலுக்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, “நான் சொல்லிக்குடுத்த ஆட்டமுங்க” என்று சிரித்தார். ஆனால் வண்டியில் ஏறவில்லை. நடந்து வருவதாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அம்மா எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. அதைக் கவனிக்கவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

வண்டியில் அத்தை வழிநெடுகத் திட்டினாள். “அவன் மனசு நோவும்னா மொதல்லயே போயிருக்கக் கூடாது. போயிட்டு, அம்மாந்தூரம் ஜெயிச்சிட்டு, கடைசீல என்ன தர்மம் பண்றது?”

“நீங்கதானே அண்ணி தோக்கச் சொன்னீங்க?”

“நான் ஆயிரம் சொல்லுவேன்!”

அம்மா பரிசுக் கோப்பையை மடியில் வைத்தபடியே அத்தையின் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அத்தை திட்டுவதை நிறுத்தாமலே அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஜெயித்தவள் எதற்கு அழ வேண்டும், தோற்கச் சொன்னவள் எதற்குக் கூட அழ வேண்டும் என்று எனக்கு ஒரே எரிச்சல். பசி வேறு. வண்டியைச் சீக்கிரம் ஓட்டச் சொன்னேன்.