வேரோடு வந்த பல்

அஜீஸுன்னிசா குழந்தைகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் காப்பகம் அவருடையது. நான் நடத்திய முதலுதவி வகுப்பில், எதையும் தன் கையால் செய்து பார்க்காமல் நகராத ஒரே ஆள் அவர்தான்.

எதிர்வீட்டில் அலறல் கேட்டது. பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினார். மூன்றாம் வகுப்பு கனிஷ்கா சைக்கிளிலிருந்து விழுந்து, மேல் முன்பல் ஒன்று முழுதாகக் கழன்றிருந்தது. அவள் தாத்தா சின்னண்ணன் ஒரு கையில் பல்லும் மறு கையில் சாணி உருண்டையுமாக நின்றார். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிவது வழக்கம்.

"எறிஞ்சிடாதீங்கய்யா!"

"ஏனுங்க, போன தடவ எறிஞ்சுதானுங்க இந்தப் பல்லு மொளச்சுது?"

"அது பால்பல்லுங்க. விழறதுக்கு முந்தியே வேரு கரைஞ்சிரும். இதுல வேரு எத்தன நீளம் பாருங்க. இது போனா வேற மொளைக்காதுங்க."

"அப்ப எம்பேத்தி பொக்கவாயா?"

"உங்களுக்குத் தொணையாவா? விடமாட்டேன்."

வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து வாங்கினார். மண் போக லேசாக அலசினார், தேய்க்கவில்லை. ஒரு டம்ளர் பாலில் போட்டார். கனிஷ்காவின் அம்மா சௌந்தர்யா அழுதுகொண்டே ஆட்டோ பிடித்தாள். டம்ளரோடு அஜீஸுன்னிசாவும் ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் கனிஷ்கா, ரத்தம் நிற்க வைத்த துணியைக் கடித்தபடி டம்ளரையே பார்த்தாள். "பாலு எதுக்கு?" என்றாள் குழறலாக.

"வேரு மேல உசிரிருக்கு சாமி. காஞ்சா செத்துரும். வெளியில தெரியற வெள்ளைதான் எனாமல்; ஒடம்புலயே அதான் கெட்டி, எலும்பவிட. அதுக்குள்ள கொஞ்சம் மஞ்சளா ஒரு அடுக்கு. நடுவுல மெத்துன்னு ரத்தமும் நரம்பும். பல்லு கூசுறது அதாலதான். வேரு தாடை எலும்புக்குள்ள நிக்கும்."

பல் மருத்துவர் அதை அதே குழியில் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார். வேர் பிடிக்குமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார். வகுப்பெடுத்த எனக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பல்லுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது அஜீஸுன்னிசாவால்தான்.

மறுநாள் காலை காப்பகத்தைத் திறக்கும் முன் அவர் எதிர்வீட்டுக்குப் போனார். கம்பியைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் எப்படித் தேய்ப்பது என்று சௌந்தர்யாவுக்குக் காட்டினார். பிறகு பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்து, அவள் செய்வதைப் பார்த்துவிட்டே கிளம்பினார்.