குளவி கட்டிய பக்கம்

கல்லூரியில் நிலவியல் நடத்தும் அந்த அம்மாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் அமுக்கு மேடம். அதே துறையில் இருக்கும் அவள் கணவர் இழுவை சார். இருவரையும் சேர்த்துவைத்ததும் பக்கத்துக் குன்றுதான், சண்டை மூட்டிவிட்டதும் அதுதான். பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை அங்கே வெளியே தெரிகிறது. ஒரு காலத்தில் பூமியின் மேலோடு இழுபட்டு, மேலே கிடந்தது சரிந்து விலகி, போர்வையை இழுத்தால் கால் தெரிவதுபோல் அடிப்பாறை தலைகாட்டியது என்பார் அவர். இழுபடவும் இல்லை ஒன்றும் இல்லை, இரு பக்கமும் நெருக்கி அமுக்கியதில் மேலே ஏறியது என்பாள் அவள். சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சுதான்.

அவளுக்குச் சாட்சி ஒரு கல். கல்யாணத்துக்கு முன்பு அவரே குன்றில் உடைத்துக் கொடுத்தது. உடைக்குமுன் சரிவு இறங்கும் திசையைக் காட்டி அதன்மேல் அம்பு வரைந்துவிட வேண்டும். அம்பை நம்பித்தான் ஆய்வகத்தில் மெல்லிய சில்லு வெட்டி, மேல்பகுதி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்ப்பார்கள். அவள் வெட்டிப் பார்த்தாள். அவள் சொன்னபடியே மேல்பகுதி சரிவில் மேல்நோக்கி ஏறியிருந்தது. அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தாலே கல்லை நீட்டிவிடுவாள். அவருடைய கட்டுரைகள் ஆய்விதழ்களிலிருந்து திரும்பி வந்ததும் அதனால்தான். இப்போது அது படுக்கையறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

நாளைக்குக் கல்லூரிக் கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் இருவரும் வாதாட வேண்டும். கல்லைக் கழுவி எடுத்துப் போகலாம் என்று குழாயடியில் வைத்தவள், பிரஷ்ஷை ஓங்கிய கையோடு நின்றுவிட்டாள். இத்தனை காலம் அழுக்கு என்று நினைத்தது அழுக்கு இல்லை, குட்டி குட்டி அறைகள் வைத்த குளவிக்கூட்டு மண். அம்பின் பெயின்ட் அந்த மண்மேல் ஏறி ஓடியிருந்தது. அப்படியானால் அம்பு போடுமுன்பே, குன்றிலேயே கூடு இருந்திருக்கிறது. மழை விழும் பக்கத்தில் எந்தக் குளவி கூடு கட்டும்? அங்கிருந்தே அவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இந்த அம்பைப் போடறப்ப எங்க இருந்தீங்க?"

"பாறைக்கு அடியில. மல்லாக்கப் படுத்துக்கிட்டு. ஏன்?"

அடிப்பக்கம் என்றால் அம்புக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். முதல் வருட மாணவனுக்கும் தெரிந்த பாடம். அவர் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் தேடினார். குறி இல்லை.

குறி இல்லாததால் அம்பு இருப்பது மேற்பக்கம் என்று நம்பி, சில்லைத் தலைகீழாக வைத்துப் பார்த்திருக்கிறாள். ஏறியது என்று அவள் சாதித்தது, உண்மையில் இறங்கியது. அவர் சொன்னதுதான் சரி. அவரைத் தோற்கடித்ததோ அவருடைய மறதியேதான். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

அவர்தான் குழாயை மூடினார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

"மண்ணைக் கழுவிடு. குறி போடத் தெரியாதவன்னு இந்த வயசுல பேர் வாங்க வேணாம்."

ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், இருவர் மானமும் தப்பும். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

மறுநாள் மேடையில் கல்லை மண்ணோடு தூக்கிக் காட்டினாள். குறி விட்டுப்போனதைச் சொன்னபோது முன்வரிசையில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மறந்தது இவர்தான். ஆனா இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்தும், இதை எப்படி உடைச்சீங்கன்னு நான் ஒரு தடவைகூடக் கேக்கல," என்றாள்.